டாங்கின் மேல் எழுதிய பெயர்

மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தொலைவிலிருந்து பார்த்த உடனேயே, "இது இன்ன கம்பெனி வண்டி" என்று சிறுவர்கள்கூடச் சொல்லிவிடுகிறார்கள். எஞ்சினின் அமைப்பையோ ஃபிரேமின் வடிவத்தையோ ஆராய்ந்து அவர்கள் இதைச் சொல்வதில்லை. பெட்ரோல் டாங்கின் இரு பக்கங்களிலும் உள்ள பெயரும், கோடுகளும், வண்ணமுமே வண்டியின் முகமாக அமைந்துவிடுகின்றன. இந்த முகத்தின் கனம் எவ்வளவு இருக்கும் என்று வாசகர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

டாங்கின் இரும்புத் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் உடையது. அதன் மேல் உள்ள பூச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும். பெயர் அச்சிட்ட ஸ்டிக்கரின் கனமோ அதிலும் குறைவு. நம் தலைமுடியின் பருமன்தான் இருக்கும். ஆயினும், அந்த ஒரு முடிப் பருமனை அங்கே நிலையாக ஏற்றி வைப்பதற்குத் தொழிற்சாலைகள் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டிருக்கின்றன. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்வதற்கு ஓட்டுநர்களும் அதே அளவு பாடுபட்டிருக்கிறார்கள். பெயர் எப்படி ஒட்டப்பட்டது, யார் கழற்றினார்கள், கழற்றிய பின் யாருடைய பெயர் நின்றது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தூரிகையின் காலம்

முதல் மோட்டார் சைக்கிள்கள் தோன்றிய காலத்தில் வண்ணம் தீட்டும் தொழில் குதிரை வண்டிப் பட்டறையிலிருந்து வந்தது. ஆளி விதை எண்ணெயும் வார்னிஷும் கலந்த பூச்சைத் தூரிகையால் பூசுவார்கள். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்ல மெல்லச் சேர்ந்துதான் கெட்டியாகும். ஆகவே ஒரு பூச்சு உலர்வதற்கே நாட்கள் ஆகும். பல பூச்சுகள் பூசி, ஒவ்வொன்றையும் தேய்த்து மெருகேற்றி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இறுதியில் கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் நீண்ட மயிர்களை உடைய மெல்லிய தூரிகையைக் கொண்டு ஒரே மூச்சில் கோடு இழுப்பார். தங்கத் தகட்டினால் பெயரைப் பதிப்பதும் உண்டு.

இக்கலை அடியோடு மறைந்துவிடவில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955-இல் சென்னைக்கு வந்து என்ஃபீல்டு இந்தியா ஆயிற்று. இங்கே உருவான புல்லட் வண்டிகளின் டாங்கில் பொன்னிறக் கோடுகளைக் கையாலேயே இழுக்கும் வழக்கம் இயந்திரங்கள் பெருகிவிட்ட பின்னும் தொடர்ந்து வந்திருக்கிறது.

தூரிகையின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒரு வேதியியல் கண்டுபிடிப்பு. பருத்தியை நைட்ரிக் அமிலத்தால் பக்குவப்படுத்தினால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். இதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். இவற்றைக் கரைத்தால் கரைசல் கூழ்போல் ஆகிவிடும். பீய்ச்சித் தெளிக்க இயலாது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தார் இச்சங்கிலிகளைக் குறுக்கி, அதிக நிறமியைச் சேர்த்தாலும் நீர்போல ஓடக்கூடிய கரைசலை 1920-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். அதுவே 'டூகோ' என்ற பெயரில் புகழ்பெற்ற லாக்கர் பூச்சு. 1923-இல் 'ஓக்லாந்து' கார்களுக்கு நீல நிறத்தில் இது பூசப்பட்டது. ஆக்சிஜனுக்காகக் காத்திராமல், கரைப்பான் ஆவியாகிப் போன உடனே இப்பூச்சு உலர்ந்துவிடும். வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது.

மோட்டார் சைக்கிள் உலகிலும் இதன் விளைவு தெரிந்தது. அமெரிக்காவின் 'இந்தியன்' நிறுவனம் 1930-இல் டூபாண்ட் குடும்பத்தைச் சேர்ந்த பால் டூபாண்டின் பொறுப்பில் வந்தது. சிவப்பு வண்டிக்குப் பேர்போன அந்நிறுவனம் 1934-இல் 24 வண்ணத் தேர்வுகளை அளித்தது. அதன் போட்டியாளரான ஹார்லி-டேவிட்சன் சாம்பல் நிறத்திலும், பின்னர் ஆலிவ் பச்சை நிறத்திலும் அடக்கமான வண்டிகளைச் செய்துவந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் விற்பனை வீழ்ந்தபோது, 1933-இல் டாங்கின் மீது கழுகுச் சித்திரம் ஒன்றைத் தீட்டியது. அந்த ஆண்டு அந்நிறுவனம் செய்த வண்டிகள் 4,000-ஐ எட்டவில்லை. எஞ்சினை மாற்ற முடியாத வேளையில் முகத்தை மாற்றியாவது வாங்குபவரை ஈர்க்கலாம் என்று தொழிற்சாலை கண்டுகொண்டது. அன்றிலிருந்து டாங்கின் சித்திரம் வணிகத்தின் கருவியாகிவிட்டது.

நீரில் நழுவும் படம்

சித்திரம் தேவை என்றால், ஆயிரம் டாங்குகளில் அதை ஒன்றுபோல் தீட்டுவது எப்படி? இதற்கு விடை மட்பாண்டத் தொழிலில் முன்பே இருந்தது. லிவர்பூல் நகரின் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் 1756-இல் ஒரு செய்தியைச் சத்தியம் செய்து பதிவு செய்தார்கள்: ஆறு மணி நேரத்தில் 1,200-க்கு மேற்பட்ட ஓடுகளில் சித்திரம் பதித்துவிட்டோம் என்பதே அது. முதலில் தாளில் அச்சிட்டு, பின்பு அந்த மையை ஓட்டுக்கு மாற்றுவதுதான் அவர்கள் கையாண்ட வழி. அச்சு எந்திரத்தால் வளைந்த பரப்பில் அச்சிட முடியாது. தாளோ வளைந்து கொடுக்கும். இந்த எளிய உண்மையே பிற்காலத்து 'டிரான்ஸ்ஃபர்' படங்களுக்கு அடிப்படை ஆயிற்று.

பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பெயர் இவ்வாறுதான் ஏறியது. நீரில் ஊறவைத்துப் பதிக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். அடியில் உறிஞ்சும் தாள். அதன் மேல் நீரில் கரையும் கோந்து. அதற்கு மேல் வண்ண மையும் மெல்லிய லாக்கர் படலமும். தண்ணீரில் போட்டவுடன் நீர் தாளின் வழியே ஏறிக் கோந்தைக் கரைக்கிறது. படலத்தை நீர் கரைக்காது. எனவே படம் அப்படியே நழுவி டாங்கின் மேல் வந்து அமர்கிறது. எஞ்சிய கோந்து உலர்ந்து பிடித்துக்கொள்கிறது. மழையில் நனைந்து கழன்றுவிடாதபடி மேலே வார்னிஷ் பூசிவிடுவார்கள். கரைவது எது, கரையாதது எது என்று அடுக்குகளை வரிசைப்படுத்துவதில்தான் இதன் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஒட்டியதைக் கழற்றும்போதும் இதே சூட்சுமம் உதவப் போகிறது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தானே ஒட்டும் தாள்

இன்று நாம் காணும் ஸ்டிக்கரின் முன்னோடி, வண்ணம் தீட்டும் பட்டறையிலேயே பிறந்தது. 1920-களில் இரட்டை வண்ணக் கார்கள் அமெரிக்காவில் நாகரிகமாயின. ஒரு வண்ணம் பூசும்போது மற்றொன்றை மறைக்கப் பட்டறைக்காரர்கள் செய்தித்தாளைப் பசையால் ஒட்டினார்கள். தாளை எடுக்கும்போது புதுப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் உப்புத்தாள் செய்துவந்த 3எம் நிறுவனத்தின் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாளைச் சோதிக்க ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தபோது இத்தொல்லையைக் கண்டார். அழுத்தினால் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் பூச்சுக்குத் தீங்கு செய்யாமல் விட்டுவிடும் நாடாவை 1925-இல் உருவாக்கினார். 1935-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி, பின்புறத் தாளை உரித்துவிட்டு ஒட்டும் விலைச் சீட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். இதற்கிடையே 1926-இல் வால்டோ செமன், கடினமான பி.வி.சி. பிளாஸ்டிக்கில் இளக்கும் எண்ணெய்களைச் சேர்த்தால் அது ரப்பர் போல் வளையும் என்று கண்டறிந்தார். நாடாவின் பசை, சீட்டின் பின்தாள், வளையும் பிளாஸ்டிக் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்ததே இன்றைய வினைல் ஸ்டிக்கர்.

உயர்தர ஸ்டிக்கரில் பிளாஸ்டிக் படலம் சுமார் 50 மைக்ரோமீட்டர்; அதன் அடியில் பசை சுமார் 25 மைக்ரோமீட்டர். (1,000 மைக்ரோமீட்டர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர்.) இப்பசை உலர்வதும் இல்லை, இறுகுவதும் இல்லை. பின் எப்படி ஒட்டுகிறது?

இரண்டு பரப்புகளின் மூலக்கூறுகள் மிக நெருங்கி வந்தால் அவற்றிடையே மெல்லிய கவர்ச்சி விசை தோன்றும். இதை வான் டெர் வால்ஸ் விசை என்பர். இரு கண்ணாடித் துண்டுகளை அழுத்தினால் அவை ஒட்டுவதில்லையே என்று கேட்கலாம். பார்வைக்கு வழவழப்பான பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருப்பதால், உண்மையில் அவை சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. பசையோ மெதுவாக அழுத்தும்போது தேன்போல் வழிந்து பள்ளங்களை எல்லாம் நிரப்பிவிடுகிறது. வேகமாக இழுக்கும்போது அதே பசை ரப்பர் போல் எதிர்த்து நிற்கிறது. மெதுவாக நடப்பதற்குத் திரவமாகவும், வேகமாக நடப்பதற்குத் திண்மமாகவும் நடந்துகொள்ளும் இந்த இரட்டைக் குணமே ஸ்டிக்கரின் உயிர்நாடி.

வெட்டி எறிந்தவர்கள்

தொழிற்சாலை இவ்வளவு பாடுபட்டு அமைத்த கோலத்தை, வாங்கியவர்கள் ஏன் கலைத்தார்கள்? முதற் காரணம் எடை. 1930-களில் அமெரிக்காவில் சாதாரண வண்டிகளையே பந்தயத்தில் ஓட்டலாம் என்ற புதிய பிரிவு தோன்றியது. ஓட்டுநர்கள் விளக்கையும் முன் மட்கார்டையும் கழற்றினார்கள். பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டினார்கள். குதிரையின் வாலைக் கத்தரிப்பதைக் குறிக்கும் சொல்லால் இவ்வண்டிகளைப் 'பாபர்' என்று அழைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் இவ்வழக்கத்துக்கு ஊக்கம் தந்தது. போருக்காக ஹார்லி நிறுவனம் சுமார் 90,000 இராணுவ வண்டிகளைச் செய்தது. போர் முடிந்ததும் இவற்றில் பல மலிவு விலைக்கு வந்தன. எல்லாம் ஒரே பச்சை. எல்லாம் ஒரே அச்சு. பட்டாளத்திலிருந்து திரும்பிய இளைஞர்களுக்குச் சீருடையைக் களைந்தபின் வண்டியின் சீருடையையும் களைய வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. தேவையற்றதை எல்லாம் வெட்டி எறிந்ததால் இவ்வண்டிகளுக்கு நாளடைவில் 'சாப்பர்' என்ற பெயர் ஏற்பட்டது.

இங்கிலாந்தில் வேறொரு வழி பிறந்தது. அங்கே நார்ட்டன் வண்டியின் ஃபிரேம் சிறந்தது என்றும், டிரையம்ப் வண்டியின் எஞ்சின் சிறந்தது என்றும் இளைஞர்கள் கருதினார்கள். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் பொருத்தி, இரு பெயர்களையும் கலந்து 'டிரைட்டன்' என்று பெயரிட்டார்கள். அப்படி ஒரு வண்டியை எந்தத் தொழிற்சாலையும் விற்கவில்லை. லண்டன் வட்டச் சாலையில் இருந்த ஏஸ் கஃபே போன்ற தேநீர்க் கடைகளின் முன் இவை வரிசையாக நின்றன.

வண்ணத்திலும் புதுமைகள் வந்தன. கலிபோர்னியாவில் 'வான் டட்ச்' என்று பெயர் பெற்ற கென்னத் ஹோவர்ட், குதிரை வண்டிக்காரரின் கோடு இழுக்கும் தூரிகையை 1950-களில் மீண்டும் கையில் எடுத்து, விருப்பம்போல் வளைந்தோடும் கோடுகளை வரைந்தார். அதே காலத்தில் 'கேண்டி' என்னும் மிட்டாய் நிறப் பூச்சும் புகழ்பெற்றது. வெள்ளி அல்லது பொன் துகள் கலந்த அடிப்பூச்சின் மேல், ஒளி ஊடுருவும் சிவப்புப் பூச்சைப் பல முறை தெளிப்பார்கள். ஒளி சிவப்புப் படலத்தின் வழியே உள்ளே சென்று, உலோகத் துகளில் பட்டுத் திரும்பி, மீண்டும் அதே படலத்தைக் கடந்து நம் கண்ணை அடைகிறது. இரு முறை வடிகட்டப்படுவதால் நிறத்துக்கு ஆழம் கூடுகிறது. வளைவான டாங்கின் ஓரங்களில் ஒளி சாய்வாகச் சென்று அதிக தூரம் கடப்பதால் அங்கே நிறம் இன்னும் கருஞ்சிவப்பாகத் தோன்றுகிறது.

கொடி தீட்டிய டாங்க்

உலகம் முழுவதும் அறிந்த சாப்பர் ஒன்று உண்டு. 1969-இல் வெளிவந்த 'ஈசி ரைடர்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய 'கேப்டன் அமெரிக்கா' வண்டிதான் அது. காவல் துறை பயன்படுத்திக் கழித்து ஏலம் விட்ட பழைய ஹார்லி வண்டிகளிலிருந்து அது உருவாக்கப்பட்டது. கனத்த பாகங்கள் நீக்கப்பட்டன. நீண்ட முன் ஃபோர்க் பொருத்தப்பட்டது. சிறிய டாங்க் ஒன்று ஏறியது. தொழிற்சாலைப் பெயர் இருக்க வேண்டிய அந்த இடத்தில் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் பட்டைகளும் தீட்டப்பட்டன. சட்டம் ஒழுங்கைக் காக்கும் காவலரின் வண்டி, சட்டத்துக்கு வெளியே திரியும் நாயகனின் வண்டியாகிவிட்டது.

அவ்வண்டியை உருவாக்கியவர்கள் யார்? வடிவமைப்பில் முன்னின்றவர் கிளிஃபோர்டு வாஸ். கட்டியவர் பெஞ்சமின் ஹார்டி. இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். ஹார்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்தில் பட்டறை வைத்திருந்தவர். அங்குள்ள ஓட்டுநர்களிடையே பெயர் பெற்ற கைவினைஞர். வாஸ், அமெரிக்கத் தென் மாநிலங்களில் நடந்த குடியுரிமைப் போராட்டத்தில் மாணவர் அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து பணியாற்றியவர். புகைப்படக் கலைஞரும் ஆவார். அவர்கள் செய்த வண்டியின் படம் சுவரொட்டிகளாக உலகெங்கும் பரவியது. எத்தனையோ நாடுகளில் இளைஞர்கள் அதைப் பார்த்துத் தம் வண்டிகளை மாற்றினார்கள். ஆனால் திரைப்படத்தின் பெயர்ப் பட்டியலில் இவ்விருவர் பெயரும் இடம்பெறவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அவர்களது பங்கு பரவலாகப் பேசப்பட்டது. ஹார்டி 1994-இல் மறைந்துவிட்டார். வாஸ் 2016 வரை வாழ்ந்தார்.

தொழிற்சாலையின் பெயரைக் கழற்றுவது என்பது, "இது என் கைவேலை" என்று ஒருவன் உரைக்கும் செயல். அந்தச் செயலின் மிகப் புகழ்பெற்ற சின்னத்திலேயே கைவேலை செய்தவர்களின் பெயர் விடுபட்டுப் போயிற்று. மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதுபவர்கள் மறக்கக்கூடாத செய்தி இது.

மூன்று எழுத்துகள்

ஓட்டுநர்கள் பட்டறைகளில் செய்து பார்த்ததைத் தொழிற்சாலைகள் கவனித்துக்கொண்டுதான் இருந்தன. ஹார்லியின் நிறுவனர்களுள் ஒருவருடைய பேரனான வில்லியம் ஜி. டேவிட்சன், ஒரு பெரிய வண்டியின் ஃபிரேமையும் சிறிய வண்டியின் முன் ஃபோர்க்கையும் இணைத்து 'சூப்பர் கிளைட்' என்ற வண்டியை 1971-இல் வெளிக்கொணர்ந்தார். தொழிற்சாலைக் கோலத்துக்கு எதிராகத் தோன்றிய கோலமே தொழிற்சாலையின் சரக்காகிவிட்டது.

இதே சமயத்தில் டாங்கின் மேல் வேறொரு மாற்றமும் நேர்ந்தது. 1969-இல் ஹார்லி நிறுவனத்தை ஏ.எம்.எஃப். என்ற பெருங்குழுமம் வாங்கிக்கொண்டது. பந்துருட்டு விளையாட்டு எந்திரங்களுக்குப் பெயர்போன அக்குழுமம், ஹார்லியின் பெயருக்கு முன்னால் தன் மூன்று எழுத்துகளையும் டாங்கில் சேர்த்தது. உற்பத்தி பெருகியது, தரம் குறைந்துவிட்டது என்ற புகாரும் பெருகியது. அம்மூன்று எழுத்துகளை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டிய உரிமையாளர்கள் உண்டு. குழுமத்தின் பணம் இல்லாதிருந்தால் ஹார்லி பிழைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. எப்படியாயினும், 1981-இல் நிறுவனத்தின் அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து அதை மீண்டும் விலைக்கு வாங்கினார்கள். அதன்பின் தொழிற்சாலையே அந்த எழுத்துகளைக் கைவிட்டது. உரிமையாளர்கள் வீட்டு முற்றத்தில் செய்த வேலையைக் கம்பெனி தன் கூடத்திலேயே செய்து முடித்தது எனலாம்.

உரிப்பதன் இயற்பியல்

இனி, ஸ்டிக்கரை எடுப்பதில் உள்ள அறிவியலைச் சற்று நோக்குவோம். முதலில் விரல் நகத்தால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஓரம் நகத்தில் தட்டுப்பட்டால் பெரும்பாலும் ஸ்டிக்கர் மேலாக ஒட்டப்பட்டது, உரிக்கலாம். ஓரமே தெரியாமல் கண்ணாடிபோல் இருந்தால் அதன் மேல் நிறமற்ற பூச்சு பூசப்பட்டிருக்கிறது. அப்பூச்சைத் தேய்த்து நீக்காமல் ஸ்டிக்கரைத் தொட முடியாது. தேய்த்தபின் மீண்டும் வண்ணம் பூசியே ஆக வேண்டும்.

உரிக்கக்கூடியதாயின் மூன்று விதிகள் போதும். முதலாவது வெப்பம். சூடானால் பசையின் திரவத் தன்மை ஓங்கும், பிடி தளரும். இரண்டாவது வேகம். மெதுவாக இழுத்தால் பசை வழிந்து விட்டுக்கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் போல் இறுகிப் படலத்தையே கிழித்துவிடும். மூன்றாவது கோணம். பரப்புக்குச் செங்குத்தாக, அதாவது 90 பாகையில் இழுக்கத் தேவையான விசையை 1 என்று கொள்வோம். ஸ்டிக்கரை அதன் மேலேயே மடக்கி 180 பாகையில் இழுத்தால் பாதி விசை போதும். 30 பாகையில் இழுத்தாலோ ஏறத்தாழ ஏழரை மடங்கு விசை தேவைப்படும். 1-லிருந்து கோணத்தின் கோசைனைக் கழித்து வரும் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் விசை மாறுவதே காரணம். கல்லூரி மாணவர்கள் இதைக் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். மடக்கி இழுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: விசை பரப்பை ஒட்டியே செல்வதால் அடியிலுள்ள பூச்சு பெயர்ந்துவரும் ஆபத்து குறைகிறது.

வெப்பம் என்றதும் சிலர் தீக்குச்சியையோ மெழுகுவர்த்தியையோ நாடுவர். இது உயிருக்கே ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தாலே தீப்பற்றும். நிறைந்த டாங்கை விட, காலியான டாங்கில்தான் இந்தக் கலவை எளிதில் உருவாகும். எனவே "டாங்கைக் காலி செய்துவிட்டேன்" என்பது பாதுகாப்பாகாது. முடி உலர்த்தும் மின்கருவியின் உள்ளேயும் பழுக்கக் காய்ந்த கம்பி இருக்கிறது. மூடியை இறுக மூடி, திறந்த வெளியில் வைத்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் போர்த்தி வைப்பதே நல்ல வழி.

எஞ்சிய பசைக்குக் கரைப்பான் வேண்டும். இங்கேதான் முன்பு சொன்ன அடுக்குச் சூட்சுமம் உதவுகிறது: பசையைக் கரைக்க வேண்டும், பூச்சைக் கரைக்கக்கூடாது. சிறிதளவு மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போதும். பின்பு சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். தின்னரைத் தொடவே கூடாது. லாக்கர் பூச்சு கரைப்பான் ஆவியானதால் மட்டுமே உலர்ந்தது. கரைப்பான் மீண்டும் பட்டால் மீண்டும் கரையும். பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடிகளின் மேல் அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக்கே உருகி மங்கிவிடும். எதையும் முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை.

எல்லாம் முடிந்து டாங்கைத் துடைத்துவிட்டு வெயிலில் பார்த்தால் ஒரு விந்தை காத்திருக்கும். கழற்றிய பெயர் இன்னும் அங்கேயே தெரியும்! ஆண்டுக்கணக்கில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் பட்டதால் சுற்றியுள்ள பூச்சு வெளுத்திருக்கிறது. ஸ்டிக்கரின் அடியிலிருந்த பகுதியோ கதிர் படாமல் புதுநிறத்தோடு நிற்கிறது. நுண்துகள் கலந்த மெருகுப் பசையால் வெளுத்த மேல்படலத்தைத் தேய்த்து எடுத்தால் வேறுபாடு குறையும். அளவுக்கு மீறித் தேய்த்தால் முடிப் பருமனே உள்ள பூச்சு தேய்ந்து இரும்பு வெளிப்பட்டுத் துருப்பிடிக்கும்.

மாற்றத்தின் எல்லை

ஸ்டிக்கரையும் நிறத்தையும் மாற்றுவதால் வண்டியின் ஓட்டம் மாறுவதில்லை. சாப்பர்க்காரர்கள் அங்கே நிற்கவில்லை. முன் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்தார்கள். அப்போது ஹேண்டில்பார் சுழலும் அச்சு தரையைத் தொடும் புள்ளி, சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு வெகுவாக முன்னே போய்விடுகிறது. நேர்சாலையில் வண்டி நிலையாக ஓடும். திருப்பத்திலும் மெதுவான ஓட்டத்திலும் திருப்புவது கடினமாகிவிடும். 'கேப்டன் அமெரிக்கா' வண்டியில் முன் பிரேக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுவதால், தடுத்து நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் சக்கரத்திடமே இருக்கிறது. அதை நீக்குவது அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் கருதுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நிறமும் சான்றிதழில் குறிக்கப்படுவதால், டாங்கின் நிறத்தை முற்றிலும் மாற்றுபவர்கள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துக் குறிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை வாசகங்களும், டயரின் காற்றழுத்த அளவும் எழுதிய சிறு ஸ்டிக்கர்களை அழகைக் கெடுக்கின்றன என்று எடுத்துவிடக்கூடாது. ஃபிரேமிலும் எஞ்சினிலும் பொறித்த எண்களைத் தொடவே கூடாது. வண்டியின் உண்மையான பெயர் அவ்வெண்களே.

டாங்கின் மேல் நிற்கும் பெயர் கம்பெனியுடையது. அதன் அடியில் கோடு இழுத்தவர், தகட்டை வளைத்தவர், பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர் என எத்தனையோ கைகளின் வேலை இருக்கிறது. பெயரை நீக்கிவிட்டுப் புதுக்கோலம் தரும் பட்டறைத் தொழிலாளியும் அந்த வரிசையில் சேர்கிறார். ஹார்டியின் பெயரும் வாஸின் பெயரும் வெளிவர நெடுங்காலம் ஆயிற்று. நம் தெருமுனைப் பட்டறையில் வேலையை வாங்கிக்கொள்ளும்போது, அதைச் செய்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.